அடியிலிருந்து வரும் 'டொக் டொக்': கான்ராட் பேரிங் போய்விட்டதா என்று கண்டுபிடித்து மாற்றுவது

எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பி, "அண்ணா, இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். என்னால் சொல்ல முடிவதில்லை. போன் மைக் கனமான சத்தத்தையெல்லாம் விழுங்கிவிட்டு மேலோட்டமான 'டிக் டிக்'கை மட்டும் அனுப்பும். வால்வுகளைத் தள்ளும் டப்பெட்டின் சத்தமும் கான்ராட் பேரிங் சத்தமும் அதில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நேரில் கேட்டால் வித்தியாசம் தெரியும். டப்பெட் மேலே, தையல் மெஷின் மாதிரி ஓடும். பேரிங் சத்தம் அடிவயிற்றிலிருந்து, மரச்சுத்தியலால் தட்டுகிற மாதிரி வரும்.

அந்தக் கனமான சத்தம் கேட்டுவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். "வீடு இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டி வந்தால் பேரிங் செட்டோடு முடிய வேண்டிய செலவு கிராங்க், ராடு, சமயத்தில் பிளாக் வரைக்கும் போகும். கயிறு கட்டியாவது இழுத்து வாருங்கள்.

பிஸ்டனையும் அடியில் சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராடு, பட்டறையில் கான்ராட். அதன் சின்ன முனை பிஸ்டன் பின்னைப் பிடிக்கும், பெரிய முனை கிராங்க் பின்னைக் கட்டிப் பிடிக்கும். பெரிய முனைக்குள் அரைவட்டமாக இரண்டு ஷெல் இருக்கும். பிக் எண்ட் பேரிங் என்பது அவ்வளவுதான். உள்ளே பந்தோ உருளையோ கிடையாது. சின்ன பெட்ரோல் எஞ்சின்களில் ஷெல்லுக்கும் பின்னுக்கும் நடுவே பெரும்பாலும் 0.02 முதல் 0.05 மிமீ வரை இடைவெளி இருக்கும், அதாவது ஒரு தலைமுடி நுழையாத சந்து. அதற்குள் ஆயில் அழுத்தத்தோடு வந்து நிற்க, கிராங்க் பின் அதன்மேல் மிதந்தபடி சுற்றுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் இரும்பு ஷெல்லைத் தொடுவது பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில் மட்டும்தான்.

அதனால்தான் பிக் எண்ட் பேரிங் சும்மா போவது அரிது. ஆயில் வரவில்லை, அல்லது வந்த ஆயில் சரியில்லை, அல்லது ராடோ பின்னோ கோணலாகிவிட்டது. காரணத்தைத் தேடாமல் ஷெல்லை மட்டும் மாற்றினால் புது ஷெல்லும் போகும். நானே ஒரு தடவை அப்படி மாற்றி அசிங்கப்பட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'டடக்' என்று இரட்டைத் தட்டு

பிக் எண்ட் தளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. எஞ்சின் சூடான பிறகு, நியூட்ரலில் மெதுவாக 2000, 2500 ஆர்பிஎம் வரை ஏற்றிவிட்டு ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். வேகம் இறங்க ஆரம்பிக்கிற அந்த நொடியில் அடியிலிருந்து கடகடவென்று தட்டும். சுமை இருக்கும்போது ராடு ஒரு பக்கம் அழுந்தி நிற்கிறது. விட்டதும் எதிர்ப்பக்கம் தாவுகிறது. இடைவெளி பெரிதானால் அந்தத் தாவல் காதில் விழும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம், ஒவ்வொரு தடவையும் பின்னைத்தான் அடிக்கிறீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. காலையில் தட்டி, எஞ்சின் சூடாகச் சூடாகக் குறைந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் ஆடுகிற சத்தம். பிக் எண்ட் நேர்மாறு: சூடானால் ஆயில் தண்ணியாகி சத்தம் கூடும். ஐட்லிங்கில் மெல்லிய இரட்டை 'டிக்' கேட்டால் பிஸ்டன் பின்னைச் சந்தேகியுங்கள். மேட்டில் டாப் கியரில் திணறும்போது மட்டும் கண்ணாடிக் குண்டுகளை டப்பாவில் குலுக்குவது போல் வந்தால் அது எரிபொருள் முந்தி எரியும் நாக்கிங். டைமிங்கையும் பெட்ரோலையும் பாருங்கள். கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கின் சத்தம் பிக் எண்டைவிட இன்னும் ஆழமாக, சுமையில் வண்டியே அதிர்கிற மாதிரி இருக்கும். இன்னொன்று, கிராங்க் புல்லி போல்ட் லூஸானாலும் பிளைவீல் போல்ட் லூஸானாலும் அச்சு அசலாகப் பேரிங் சத்தம்தான் வரும். எஞ்சினைத் திறப்பதற்கு முன் அந்த இரண்டையும் ஒரு ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எந்த சிலிண்டர் என்று தெரிய, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் பிளக் ஒயரைக் கழற்றலாம். ஆனால் சும்மா தொங்கவிடாதீர்கள், பழைய பிளக் ஒன்றை அதில் மாட்டி எஞ்சின் பாடியில் எர்த் கொடுத்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் கையில் அடிக்கும், காயிலும் போகலாம். இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலென்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கருக்கிவிடும். பழைய பம்ப் டீசல்களில் பைப் நட்டை லூஸ் செய்து பார்த்துப் பழகியவர்கள் காமன் ரெயில் டீசலில் அந்த வேலையைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஸ்கேனரில் சிலிண்டரை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எந்த சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் அடங்குகிறதோ அல்லது தெளிவாக மாறுகிறதோ, அந்த ராடுதான். ஒரு சிலிண்டரை நிறுத்தியும் மாறாமல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டை நிறுத்தினால்தான் குறைகிறது என்றால் அவற்றுக்கு நடுவில் இருக்கும் மெயின் பேரிங்கைப் பாருங்கள்.

சூடான ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது

சத்தம் வருவதற்கு முன்பே சில எஞ்சின்கள் இப்படிச் சொல்லிவிடும். பேரிங் இடைவெளி பெரிதானால் ஆயில் எளிதாக வழிந்துவிடும், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் நிற்காது. ஆனால் இந்த விளக்கை நம்பி முடிவு எடுக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் விளக்கை எரிய வைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் அரை பாருக்கும் கீழேதான் வேலை செய்யும். விளக்கு எரியவில்லை என்றால் அழுத்தம் அதற்கு மேல் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, 1000 ஆர்பிஎம்முக்கு சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பழைய பட்டறைக் கணக்கு. உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. குறைவாக வந்தாலும் உடனே பேரிங் மேல் பழி போடாதீர்கள். முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. கிரேடு தப்பா? பம்ப் தேய்ந்ததா? ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டதா? பம்ப் ஆயிலை இழுக்கும் வாயில் இருக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னரில் ஆயில் கசண்டு அடைத்திருக்கிறதா? இத்தனையையும் தாண்டித்தான் பேரிங்.

"கெட்டி ஆயில் ஊத்துங்க, சரியாயிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. சத்தம் குறையும், உண்மைதான். விற்கப்போகிற வண்டியில் செய்கிற வேலை அது. நீங்கள் பழைய கார் வாங்கப் போகும்போது ஆயில் தேன் மாதிரி ஒழுகினால் இதை நினைவில் வையுங்கள்.

வடித்த ஆயிலில் மினுமினுப்பு

ஆயிலை வெள்ளை டப்பாவில் வடித்து வெயிலில் காட்டுங்கள். பெயின்ட் கலந்த மாதிரி மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது. ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது; ஹேக்ஸா வைத்து மட்டும் அறுக்காதீர்கள். அதன் இரும்புத்தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். ஃபில்டர் கட்டரால் மூடியை வெட்டி எடுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு காந்தம். காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு: கேம், கிராங்க், பம்ப் கியர் எதுவாகவும் இருக்கலாம். பேரிங் பூச்சு ஒட்டாது.

நிறத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்று அடுக்கு ஷெல்லில் இரும்பு முதுகு, அதன்மேல் செம்பு கலந்த அடுக்கு, மேலே மெல்லிய சாம்பல் பூச்சு. அதில் செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு போய்விட்டது. ஆனால் இப்போது பல கார்களில் வருவது அலுமினியம் கலந்த இரண்டு அடுக்கு ஷெல். அது எவ்வளவு தேய்ந்தாலும் வெள்ளியாகத்தான் இருக்கும். "செம்பு தெரியல, பேரிங் நல்லாருக்கு" என்று அதை மறுபடி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி தட்டி நின்றுவிடுகிறது

இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஃபில்டருக்குள் அதைத் தடுக்கும் ரப்பர் வால்வு மட்டமாக இருந்தால் இப்படி ஆகும். நல்ல ஃபில்டர் ஒன்றை மாற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எஞ்சினைத் திறக்க வேண்டாம்.

தட்டிக்கொண்டே வந்தது, இப்போது எஞ்சின் சுற்றவே இல்லை

ஷெல் தன் இடத்தைவிட்டுச் சுழன்று பின்னோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்டார்ட்டரை மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப் பக்கம் பிளாக்கில் ஓட்டை தெரிந்தால் ராடு வெளியே வந்துவிட்டது. அங்கே பேரிங் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. ஹாஃப் எஞ்சின், அதாவது ஹெட் இல்லாத கீழ்ப்பாதி, தேட வேண்டியதுதான், சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் தேடுவார்கள்.

திறந்து பார்ப்பது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஆயிலை வடித்து, சம்ப்பை இறக்குங்கள். சில வண்டிகளில் கிராஸ் மெம்பரையோ சைலென்சர் பைப்பையோ இறக்காமல் சம்ப் வராது.

சந்தேகப்படும் சிலிண்டரின் பிஸ்டன் அடிமட்டத்துக்கு வரும்படி கிராங்க்கைச் சுற்றி, ராடின் பெரிய முனையைக் கையில் பிடித்து மேலும் கீழும் தள்ளுங்கள். மேல் கீழாக ஆட்டம் கையில் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பக்கவாட்டில் ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இருக்கத்தான் வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

ராடின் பெரிய முனையில் போல்ட் போட்டு மாட்டிய கீழ்ப்பாதிதான் கேப். அதைக் கழற்றும் முன் ராடிலும் கேப்பிலும் சிலிண்டர் எண்ணையும் திசையையும் பெயின்ட் பேனாவால் குறியுங்கள். ஒரு ராடின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. உடைத்துப் பிரித்த வகை ராடாக இருந்தால் அந்த முறிவு வாயே அதன் பூட்டு. ராடிலேயே போல்ட் நிற்கும் வகையானால், மேலே தள்ளும் முன் போல்ட் மரைகளில் பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டை மாட்டிவிடுங்கள், பின்னில் கீறல் விழாது.

கழற்றிய ஷெல்களை வரிசையாக ஒரு பலகையில் அடுக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகப் பாருங்கள். வெடிப்பின் சுமை மேலிருந்து இறங்குவதால் மேல் ஷெல் கொஞ்சம் அதிகம் தேய்ந்திருப்பது இயல்பு. எல்லா ஷெல்லும் வழித்தெடுத்த மாதிரி இருந்து, ஓரம் கருத்திருந்தால் ஆயில் பற்றாக்குறை. சுற்றுவாட்டில் கோடு கோடாகக் கீறியிருந்தால் ஆயிலில் அழுக்கு. முதுகில் ஒரு புள்ளி மட்டும் பளபளத்து, உள்ளே அதே இடம் தேய்ந்திருந்தால் போன தடவை மாட்டியவர் ஷெல்லுக்குப் பின்னால் தூசியை வைத்து மாட்டியிருக்கிறார். மேல் ஷெல் ஒரு ஓரத்திலும் கீழ் ஷெல் எதிர் ஓரத்திலும் தேய்ந்தால் ராடு வளைந்திருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரியான நேரத்தில் தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்த வண்டிகளுக்கு வருவது இதுதான். தண்ணீர் அழுந்தாது, ராடு வளைந்து கொடுக்கும். அங்கே ராடை மாற்றாமல் ஷெல்லை மாற்றுவது வீண்.

நான் கோட்டைவிட்டது

மூன்று சிலிண்டர், 800 சிசி பழைய கார் ஒன்று. பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் பால் ஊற்றுகிறவருடையது. ஆக்ஸிலேட்டரை விட்டால் தட்டும். இரண்டாவது பிளக்கை நிறுத்தினால் அடங்கும். சம்ப்பை இறக்கினேன். மூன்று சிலிண்டர் ஷெல்லும் மங்கியிருந்தன, இரண்டாவது மட்டும் படுமோசம். அவருக்கு மறுநாள் அதிகாலை வண்டி வேண்டும். பின்னை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, புது ஸ்டாண்டர்டு செட்டை மாட்டி அனுப்பிவிட்டேன். மைக்ரோமீட்டர் டிராயருக்குள்ளேயே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்தார். "ஏனுங் தம்பி, புதுப் பேரிங்தானுங்களே போட்டீங்க? மறுபடி அதே சத்தமுங்க" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் அப்படிச் சாதாரணமாகக் கேட்டதுதான் உறைத்தது.

இந்தத் தடவை சம்ப்பைக் கவிழ்த்து வெளிச்சத்தில் வைத்தேன். அடியில் ஒரு நசுங்கல். போன தடவையும் பார்த்தேன், ஸ்பீடு பிரேக்கரில் இடித்த பழைய நசுங்கல் என்று விட்டுவிட்டேன். உள்பக்கம் விரலை வைத்தால் மேடாக எழும்பியிருந்தது. அந்த மேட்டின் உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்குப் பளபளப்பு. ஆயில் ஸ்ட்ரெய்னரின் வாயிலும் அதே அளவில் ஒரு பளபளப்பு. இரண்டும் முத்தமிட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. மெதுவாகப் போகும்போது கிடைக்கிற ஆயில் போதும். பால் கேன்களோடு வேகமாகப் போகும்போது பம்ப் இழுக்க, வாய் அடைபட்டு, பேரிங் காய்ந்திருக்கிறது. மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தால் இரண்டாவது பின் வட்டம் கெட்டு 0.04 மிமீ முட்டை வடிவமாகியிருந்தது. கிராங்க்கை இறக்கி அரைத்து, சம்ப்பைப் புதிதாகப் போட்டேன். கூலி வாங்கவில்லை.

அளப்பது

பின்னை ஒன்றுக்கொன்று குறுக்கே இரண்டு திசையில், இரண்டு ஓரத்திலும் அளக்க வேண்டும். இரண்டு திசைக்கும் வித்தியாசம் இருந்தால் முட்டை வடிவம். இரண்டு ஓரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் சரிவு. பல சின்ன எஞ்சின்களில் இதற்கு வரம்பு 0.01 மிமீ. நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது கீறலில் மாட்டினாலும் கிராங்க் லேத்துக்குத்தான் போக வேண்டும். பட்டறையில் 'பத்து', 'இருபது' என்பார்கள். பத்து தௌ, இருபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.25, 0.50 மிமீ குறைத்து அரைப்பது. அதற்கேற்பத் தடித்த அண்டர்சைஸ் ஷெல் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் உறுதி செய்துவிட்டு அரைக்கக் கொடுங்கள். சில புது எஞ்சின்களின் கிராங்க்கை அரைக்கவே அனுமதி இல்லை, நிறக் குறியீட்டைப் பார்த்து ஷெல் வாங்க வேண்டும்.

அரைத்து வந்த கிராங்க்கின் ஆயில் துளைகளை மெல்லிய பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவுங்கள். இதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2015-இல் ஹூண்டாய் அமெரிக்காவில் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களில் சுமார் 4.7 லட்சத்தைத் திரும்ப அழைத்தது, கிராங்க் ஆயில் வழியில் கடைசல் துகள் தங்கி கான்ராட் பேரிங்குக்கு ஆயில் தடைப்படலாம் என்பதால்தான்.

மாட்டுவது

ஷெல் முதுகும் ராடின் உள்பக்கமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். துடைக்க வேஸ்ட் பஞ்சு வேண்டாம், நூல் ஒட்டும். நூல் விடாத துணி. ஷெல்லின் நாக்கு ராடின் வெட்டில் உட்கார வேண்டும், ராடில் ஆயில் துளை இருந்தால் ஷெல்லின் துளை அதன்மேல் நேராக வர வேண்டும்.

இடைவெளியைப் பார்க்க, அழுத்தினால் நசுங்கும் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய இழை போதும். ஆயில் இல்லாத பின்னின்மேல் நீளவாக்கில் ஒரு துண்டை வைத்து, கேப்பை மாட்டி, மேனுவல் சொல்கிற டார்க்குக்கு (முறுக்கும் விசை அளவுக்கு) முறுக்கிக் கழற்றுங்கள். நடுவில் கிராங்க்கைச் சுற்றிவிடக் கூடாது. நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அகலமாக நசுங்கினால் இடைவெளி குறைவு, ஒல்லியாக நின்றால் அதிகம். 0.08 மிமீயைக் கடைசி வரம்பாகச் சொல்லும் மேனுவல்கள் உண்டு. அதைத் தொட்டால் அடுத்த சைஸ்தான்.

இடைவெளி அதிகமாக இருந்தால் ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் ஃபாயிலை வைப்பது, கேப்பை அரத்தால் ராவுவது, இதெல்லாம் இன்னும் நடக்கிறது. இதற்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-இல் கொண்டுவந்த வெள்ளை உலோகத்தை ஒரு காலத்தில் ராடுக்குள்ளேயே உருக்கி ஊற்றிக் கையால் சுரண்டிப் பொருத்துவார்கள். கேப்புக்கும் ராடுக்கும் நடுவே தகடு வைத்திருப்பார்கள். தேயத் தேயத் தகட்டை உருவி இறுக்கலாம். அந்தக் காலத்து ராடுக்கு அது சரி. இன்றைய ஷெல் ராடுக்குள் இறுக்கமாக அழுந்தி நிற்பதற்காகவே துளி கூடுதல் நீளத்தில் வருகிறது. ஃபாயில் வைத்தால் அது கோணலாகும், வெப்பமும் ராடுக்கு இறங்காது.

இழையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஷெல்லின் உள்பக்கம் ஆயிலோ அசெம்பிளி கிரீஸோ தாராளமாகப் பூசி, கேப்பைக் குறி பார்த்து மாட்டுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். டார்க் கொடுத்து அப்புறம் இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவல் சொன்னால் அந்த போல்ட் பெரும்பாலும் இழுபடும் வகை. மறுபடி பயன்படுத்தலாமா என்று அதே பக்கத்தில் பாருங்கள், கூடாது என்றால் புதிது வாங்குங்கள். ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நின்று, கடைசியாக மாட்டிய கேப்பைக் கழற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுத் தேடினால் நாள் போய்விடும்.

சம்ப்பை ஏற்றும் முன் ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். சம்ப்புக்கும் அதன் வாய்க்கும் இடைவெளி இருக்கிறதா என்று களிமண் உருண்டை ஒன்றை வைத்து அழுத்திப் பார்ப்பது இப்போது என் பழக்கம். சம்ப் ஓரத்தில் கசிவைத் தடுக்கப் பூசும் சிலிகானை மெல்லியதாக இழுங்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்துபோய் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் கூலர் இருக்கும் எஞ்சினில் பேரிங் தூள் அதற்குள்ளும் போயிருக்கும். கழுவி எடுப்பது நடக்காத காரியம், மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

எரிபொருளை நிறுத்திவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, கேஜில் அழுத்தம் ஏறும்வரை காத்திருங்கள். ஏறிய பிறகுதான் ஸ்டார்ட். ஐட்லிங்கில் சூடாகட்டும், கசிவைப் பாருங்கள், கேஜ் எண்ணைச் சுவரிலோ நோட்டிலோ எழுதி வையுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு டாப் கியரில் திணறவிடாமல், ஒரேயடியாக விரட்டாமல் ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை அதே வெள்ளை டப்பாவில் ஊற்றி வெயிலில் காட்டி, அதே கேஜை மறுபடி மாட்டி எழுதி வைத்த எண்ணோடு பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்து அனுப்புங்கள்.